தோட்டைக் கழற்றிக் கொடுத்த ஜானகி அம்மா



2014 மே 9-ஆம் நாள் கோலாலம்பூரில் தம் வீட்டில் ஓர் அம்மா கண்ணை மூடினார். வயது 89. புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன். செனட்டராக இருந்தவர், 2000-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இதெல்லாம் பத்திரிகையில் வந்த செய்தி. நான் பேச வந்தது அவருடைய காதுத் தோட்டைப் பற்றி.

1943. இன்று நாம் டத்தாரான் மெர்டேக்கா என்று சொல்கிறோமே, அந்தத் திடலில் நேதாஜி பேசுகிறார். கூட்டத்தில் நின்ற 18 வயதுப் பெண் தன் தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அதோடு நிற்கவில்லை, ஜான்சி ராணிப் படையில் சேரப் போகிறேன் என்றாள். அப்பா கடுமையாக எதிர்த்தார். மகள் விடவில்லை, கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். வசதியில் வளர்ந்த பிள்ளை, முகாம் வாழ்க்கைக்கு முதலில் தடுமாறித்தான் போனாள். பிறகு அந்தப் படைக்கே இரண்டாம் தளபதி ஆனாள்.

1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டு பாங்காக் திரும்பியபோது, மேலே விமானம் சுற்றும், பகலில் பதுங்கி இரவில் நடை. நேதாஜியும் கூடவே நடந்தார். நாடு திரும்பிய ஜானகி ஓய்வெடுக்கவில்லை. இந்திய காங்கிரஸ் மருத்துவக் குழுவில் உழைத்தார். 1946-இல் ம.இ.கா. தோன்றியபோது அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

"அவர் பணக்கார வீட்டுப் பெண், நமக்கும் அவருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படையில் பெரும்பாலோர் யார்? ரப்பர் தோட்டத்துப் பெண்கள். உங்கள் பாட்டிமார், அவர்களின் அக்கா தங்கைகள். தோட்டத்துப் பெண்ணுக்குக் காதில் கிடக்கும் தோடுதானே பேங்க்!

அவர்கள் ஏன் போனார்கள்? அதற்கு இரண்டு வருடம் முன்னே போக வேண்டும். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே என்றும் கேட்டார்கள். பதிலாக வந்தது ராணுவம். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்தான். ஆண்களைச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனான். லயத்தில் மிஞ்சியவர்கள் பெண்கள். அந்தப் பெண் துப்பாக்கி தூக்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

போர் முடிந்தது. ஜானகி அம்மாவைத் தேடிப் பத்திரிகையாளர்கள் வந்தார்கள், அவர் கதை பதிவானது. தோட்டத்து ராணிகள் அதே லயத்துக்குத் திரும்பி, விடியலில் பெரட்டுக்குப் போய், அதே வாளியைத் தூக்கினார்கள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் இந்தியக் கலாச்சார மையத்துக்கு 2015-இல் நேதாஜி பெயர் வைத்தார்கள், மகிழ்ச்சி. அவரை நம்பிப் போன தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

பெயர் பதிவாகாதது வெறும் மனக்குறை இல்லை, தோழர்களே. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கேயே தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளினார்கள். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்க்கு வழி திறந்தது, நல்லது. அதே திருத்தம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையில் கை வைத்தது. ஒரு தாயின் பத்திரம் பேரப்பிள்ளை வரைக்கும் பேசும்.

ராணிகளில் இன்று மிஞ்சியிருப்பவர் மிகச் சிலர். அவர்கள் வளர்த்த பிள்ளைகள் இப்போது காப்பாரிலும் பந்திங்கிலும் அடுக்குமாடி வீட்டில் பாட்டிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வாரமே கேளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது டிவிஷன், யார் கங்காணி, பிரசவம் பார்த்தது யார், பிறப்புப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள், பத்திரத்தைப் படம் எடுத்து வையுங்கள். "அதெல்லாம் இப்போ எதுக்குய்யா?" என்றுதான் முதலில் சொல்வார். கொஞ்சம் பொறுத்து, ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.