எண்பது விழுக்காட்டைச் சுமந்தவர்கள்

இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே, இந்தப் புழுக்கத்தில் அங்கியும் தொப்பியுமாக நெடுநேரமாய் உட்கார்ந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் இப்போது குடியிருப்பது டென்மார்க்கில் ஹ்விடோவ்ரே என்ற ஊரில். கோபன்ஹேகனுக்குத் தென்மேற்கே அதை ஒட்டியே இருக்கும் தனி நகராட்சி. ஊரின் தென்கோடியில் அவெடோரே ஹோல்மே தொழிற்பேட்டை; வரிசையாகக் கிடங்குகள், காலை முதல் லாரிகள். ஊரிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் கோபன்ஹேகன் மத்திய நிலையம். அந்த நகரத்தின் துறைமுகக் கரையோரம், எஸ்பிளனாடன் தெருவில்தான் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் தலைமையகம் இருந்தது. 1904-இல் ஒரு தகப்பனும் மகனும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். 2017-இல் உலகக் கன்டெய்னர் கப்பல் போக்குவரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவர்கள் கையில். நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. என் பிழைப்பு முழுக்கக் கப்பல் ஏஜென்சியில். மேனிஃபெஸ்ட், பில் ஆஃப் லேடிங், டெலிவரி ஆர்டர் என்று காகிதங்களோடு. ஆனால் அந்த ஆண்டு ஜூன் 27 அன்று அந்தக் கட்டடத்தில் நடந்தது எங்கள் தெருவில் இருந்த கப்பல்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

மதியத்தில் கணினித் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. 'நாட்பெட்யா' என்று பின்னால் பெயர் வைத்த நாசநிரல் அது. உக்ரைனில் வரிக்கணக்கு எழுதப் பலரும் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் புதுப்பிப்பு வழியே அதை அனுப்பியிருந்தார்கள். மெர்ஸ்க்கின் ஒடெசா அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில் அந்த மென்பொருள் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. ஊழியர்கள் தாழ்வாரங்களில் ஓடி, கூட்ட அறைகளுக்குள் புகுந்து, கணினிகளின் வயர்களைப் பிடுங்கச் சொல்லிக் கத்தினார்கள். உலகம் முழுவதும் விரிந்த வலைப்பின்னலைத் துண்டிக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் டென்மார்க்கும் இதற்கு ரஷ்ய ராணுவமே பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லின.

ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் எதுவும் மூழ்கவில்லை. கிரேன் எதுவும் சாயவில்லை. கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களின் கணினிகள் கெடவில்லை; எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கப்பலுக்குத் தெரியும். கரைக்குத்தான் தெரியவில்லை. நிறுவனத்தின் 76 முனையங்களில் 17 முடங்கின. நியூஜெர்சியின் எலிசபெத் முனைய வாசலில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. ராட்டர்டாமில் நின்றன. மும்பைக்குப் பக்கத்தில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதே குழுமம் நடத்திய முனையமும் நின்றுபோய், பெட்டிகளைப் பக்கத்து முனையங்களுக்குத் திருப்ப வேண்டி வந்தது. பெட்டி கண்முன்னே யார்டில் இருக்கிறது. அது யாருடையது, உள்ளே என்ன, யாரிடம் கொடுக்கலாம் என்று சொல்ல ஆளில்லை.

இனி கானா கதை. எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

ஒரு பெரிய நிறுவனத்தில் யார் யார் ஊழியர்கள், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதை 'டொமைன் கன்ட்ரோலர்' என்ற சர்வர்கள்தான் வைத்திருக்கும். மெர்ஸ்க்கிடம் அப்படி உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒத்திசைத்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் எண்ணவில்லை. அதுதான் நடந்தது. மற்ற தரவுகளுக்கு நகல் கிடைத்தது. இதற்கு மட்டும் எங்குமே கிடைக்கவில்லை. இது இல்லாமல் மற்ற எதையும் எழுப்ப முடியாது. இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் ஊரில் மீட்பு மையம் அமைத்து உட்கார்ந்திருந்தவர்கள் ஊர் ஊராகப் போன் போட்டுத் தேடினார்கள். கடைசியில் கானாவில் ஒன்று அகப்பட்டது. தாக்குதலுக்குச் சற்று முன்பு அங்கே மின்சாரம் போயிருந்தது. அதனால் அந்த சர்வர் வலைப்பின்னலை விட்டு விலகியிருந்தது, அதனால் பிழைத்திருந்தது.

கரன்ட் போனால் திட்டித் தீர்க்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு கரன்ட் கட் உலகக் கப்பல் வணிகத்தின் ஒரு பெரும் பங்கைக் காப்பாற்றியது என்று அறிந்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் சிக்கல் தீரவில்லை. கானாவின் இணைய வேகத்தில் பல நூறு ஜிகாபைட்டை அனுப்ப நாள் கணக்கில் ஆகும். ஹார்ட் டிஸ்க்கை ஆள் கையில் கொடுத்து அனுப்பலாம் என்றால், அந்த அலுவலகத்தில் யாரிடமும் பிரிட்டன் விசா இல்லை. ஆகவே ஒருவர் கானாவிலிருந்து நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே விமான நிலையத்திலேயே இன்னொரு ஊழியர் அதை வாங்கிக்கொண்டு ஆறரை மணி நேரம் பறந்து லண்டன் ஹீத்ரோவில் இறங்கினார். அங்கிருந்து மெய்டன்ஹெட். அந்த இரண்டு பேருடைய பெயரையும் எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததை நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஜிம் ஹாகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், 2,500 செயலிகள் எல்லாவற்றையும் புதிதாக நிறுவினார்கள். வழக்கமாக ஆறு மாதம் ஆகும் வேலை, 10 நாளில் முடிந்தது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது.

இந்தப் பத்து நாள் சாதனையைத்தான் எல்லா மேலாண்மைப் பாடத்திலும் சொல்கிறார்கள். என் மனம் நிற்பது அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொரு எண்ணில். அந்தப் பத்து நாளும் சரக்கின் அளவு 20 விழுக்காடுதான் குறைந்தது. மீதி 80 விழுக்காட்டை மனிதர்கள் கையால் நடத்தினார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கப்பல் உலகில் எங்கோ ஒரு துறைமுகத்தில் நுழையும் நிறுவனம் அது. முன்பதிவுகளைச் சொந்த வாட்ஸ்அப்பில் வாங்கினார்கள். சொந்த ஜிமெயிலில் பதில் போட்டார்கள். எக்ஸெல்லில் பட்டியல் போட்டார்கள். அதுவும் இல்லாத இடத்தில் காகிதத்தை எடுத்து எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டினார்கள். சர்வரை மீட்டவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் மீட்டு முடிக்கும்வரை வணிகம் உயிரோடு இருந்தது இந்த எழுத்தர்களாலும் யார்டு மேற்பார்வையாளர்களாலும்தான்.

எங்கள் சிறிய அலுவலகத்துக்கும் அந்த வாரம் வந்து சேர்ந்தது. ஓய்வு பெறும் வயதை எட்டியிருந்த டேனிஷ் அம்மாள் ஒருவர் எங்களிடம் ஆவணப் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரம் வரும் பெட்டிகளின் பட்டியலை அச்செடுத்துக் கோப்பில் வைப்பது அவர் வழக்கம். காகிதம் வீண் என்று இளையவர்கள் சொல்வார்கள், அவர் நிறுத்தவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோப்பைத் திறந்து மேஜைமேல் பரப்பினார். ஒரு சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்து, முதலில் கெட்டுப்போகிற சரக்குக்கு வட்டம் போடு என்றார். ரீஃபர் என்னும் குளிரூட்டும் பெட்டிகள். பிளக் போடாவிட்டால் மீனும் மருந்தும் கெடும். அடுத்தது அபாயச் சரக்கு. எதன் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்பதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் எந்தத் தொழிற்சாலை எந்தப் பொருளுக்காகக் காத்து நிற்கிறது என்ற கேள்வி. திருப்பூர்ப் பனியன் பெட்டிகளுக்குக் கடைசி இடம். நம் ஊர்ச் சரக்காயிற்றே என்று எனக்கு அடித்துக்கொண்டது; ஆனால் அவர் போட்ட வரிசையே சரி. பருத்தி ஒரு வாரம் பொறுக்கும்.

இந்த வரிசை அந்த அம்மாளின் கையில் இருந்தது. எந்த சர்வரிலும் இருக்கவில்லை.

என் மாணவப் பருவத்துக்கு ஒரு நிமிடம் போய் வருகிறேன். 80-களில் தூத்துக்குடியில் படித்தபோது, கல்லூரி முடிந்த பிறகு ஹார்பரில் ஒரு ஏஜென்ட் அலுவலகத்தில் கார்பன் பேப்பர் வைத்து டைப் அடிக்கப் போவேன். அங்கே வயதான டேலி கிளார்க் ஒருவர். கொழும்புக்குப் போகும் தோணிகளில் மூட்டை எண்ணி வளர்ந்தவர். கன்டெய்னர் வந்த பிறகு அதையும் கற்றுக்கொண்டார். கன்டெய்னர் கதவில் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும், நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஏழாவது எண் எதற்கு என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை. காதில் செருகிய பென்சிலை எடுத்து, சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஏ-க்கு 10, பி-க்கு 12. பதினொன்றின் மடங்குகளை விட்டுவிட்டுப் போனால் இசட்-க்கு 38. முதல் இடத்தை 1-ஆல் பெருக்கு, அடுத்ததை 2-ஆல், அடுத்ததை 4-ஆல். பத்தாவது இடத்தை 512-ஆல். எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகு. மீதி வருவதுதான் கடைசி எண். மீதி பத்து வந்தால் பூஜ்யம். எழுதியவன் ஒரு எண்ணை மாற்றி எழுதியிருந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் இடித்துக் காட்டிவிடும்.

இன்று கணினி இதை ஒரு நொடியில் செய்கிறது. செய்யட்டும். ஆனால் 2017-இல் போனில் கேட்டு, கையால் எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்களில் எத்தனை தப்பு வரும்! எங்கள் மேஜையில் வந்து விழுந்த ஒவ்வொரு எண்ணையும் அந்தச் சிகரெட் அட்டைக் கணக்கால் நான் சோதித்தேன். தப்பான எண்ணோடு ஒரு லாரியை முனைய வாசலுக்கு அனுப்பினால் பின்னால் நிற்கும் ஐம்பது லாரியும் சேர்ந்து நிற்கும். கணினி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பொத்தானுக்குப் பின்னால் நடப்பது என்ன என்று தெரிந்தவர் அலுவலகத்துக்கு ஒருவராவது வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இப்படித் தெரிந்தவர்கள் கலைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடலே சாட்சி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கிருந்து இலங்கைக்கு ஓடிய தலைமன்னார்க் கப்பல் அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. தனுஷ்கோடி போனாலும் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 80-களில் இலங்கைப் போரில் அதுவும் நின்றது. ஹ்விடோவ்ரேயில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து ஐயா, சிறுவனாக அந்தக் கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி கப்பல் கிளம்பிய செய்தியைக் கேட்டு அவர் கண்கலங்கினார். சில நாளிலேயே பருவமழையால் அது நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று சிவகங்கை கப்பலோடு மறுபடி தொடங்கியது. போரில் கப்பல் நின்றதற்கும் மறுபடி ஓடியதற்கும் இடைப்பட்டது கிட்டத்தட்ட 40 ஆண்டு. காங்கேசன்துறையில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை அகற்ற வேண்டியிருந்தது. நாகையில் குடியேற்ற, சுங்க வசதிகளைச் செய்ய வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் மீட்பு என்று நான் சொல்லமாட்டேன். அடியிலிருந்து மறுபடி கட்டியதுதான்.

வழி திறந்த நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1967-இல் மூடிய சூயஸ், 1975 ஜூன் 5 அன்றுதான் திறந்தது. அந்த எட்டு ஆண்டில் எண்ணெய்க் கப்பல்கள் பிரமாண்டமாக வளர்ந்துவிட்டன. ஏடன் துறைமுகம் இழந்த இடத்தை மறுபடி பிடிக்கவே இல்லை. 2023 நவம்பரில், சூயஸுக்குப் போகும் வழியான செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பல் கடத்தப்பட்டது. டிசம்பர் கடைசியில் மெர்ஸ்க் ஹாங்ஜோ கப்பல் தாக்கப்பட்டது. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின; ஐரோப்பாவுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதல். தூத்துக்குடியிலிருந்து போகும் திருப்பூர்ச் சரக்குக்கும் அதே சுற்று, அதே கூடுதல் செலவு. செங்கடலுக்குக் கப்பல்கள் முழுதாகத் திரும்பும் நாளில் இன்னொரு நெருக்கடி உண்டு: சுற்றி வந்தவையும் குறுக்கே வந்தவையும் ஒரே வாரத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் குவியும். எந்தப் பெட்டியை முதலில் இறக்குவது என்று கேட்டு உங்களில் சிலருடைய மேஜைக்குப் போன் வரும்.

அதனால் துணைவேந்தர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள், ஆய்வகத்தில் இருக்கும் முனையக் கணினிகளை அணைத்துவிடுங்கள். 300 பெட்டியோடு ஒரு கப்பலைக் காகிதத்தில் கொடுங்கள்: எந்தப் பெட்டி எந்த இடத்தில் என்று காட்டும் பே பிளான், மேனிஃபெஸ்ட், ரீஃபர் பட்டியல், அபாயச் சரக்குப் பட்டியல். முதலாண்டுப் பிள்ளைகள் லாரி ஓட்டுநர்களாக வாசலில் வந்து நிற்கட்டும். பொறுமை இழக்கட்டும், சத்தம் போடட்டும். சாயங்காலத்துக்குள் கடைசி ஆண்டு மாணவர்கள் கப்பலைக் காலி செய்ய வேண்டும். இந்த விழாவில் பட்டம் வாங்குபவர்கள், வேலையில் சேர்ந்த பிறகு, நடுவர்களாக வாருங்கள். காகிதச் செலவும் என் பயணச் செலவும் என்னுடையது.

முதல் பயிற்சிக்கான பே பிளானை ஹ்விடோவ்ரேயிலிருந்து நானே வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுகிறேன். அதில் ஏழு பெட்டிகளின் கடைசி எண் தவறு. எவை என்பதைக் கண்டுபிடியுங்கள். வணக்கம்.