பந்து படத்தானே மைதானத்துக்கு வந்திருக்கான்!

(மாவட்ட விளையாட்டு அணிக் கலந்தாய்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023-ல் பெர்லினில் நடந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலக விளையாட்டுப் போட்டியில், அறிவுசார் குறைபாடுள்ள நம்ம நாட்டு வீரர்கள் 202 பதக்கம் வாங்கிட்டு வந்தாங்க. அதுல 76 தங்கம். பெருமைதான். ஆனா பதக்கமே வேண்டாம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பந்து உதைச்சா போதும்னு ஏங்குறவங்களைப் பத்திப் பேசத்தான் நான் இன்னைக்கு வந்திருக்கேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி நாட்டில் அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர். இதுல போட்டிக்குப் போறவங்க எத்தனை பேர் இருப்பாங்க? மத்தவங்க எங்க இருக்காங்க? வீட்டுல. 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. சிறப்புப் பள்ளியில அதுவரைக்கும் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் பந்து உண்டு. அதுக்கப்புறம்? டி.வி. முன்னாடி ஒரு நாற்காலி. உடம்பு பெருக்குது, சர்க்கரை வருது, கூட்டாளின்னு சொல்ல ஒருத்தர் இல்ல. அம்மாவுக்கு வயசாகுது. அவங்களும் மனசைத் தேத்திக்கிட்டு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனா, "ஓரமா உட்கார வைங்கம்மா, பந்து பட்டுடும்"னு சொல்றாங்க. பந்து படத்தானே மைதானத்துக்கு வந்திருக்கான்!

தோழர்களே, நாம சலுகை கேட்கல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 30-ஐ எடுத்துப் படிங்க. எல்லா விளையாட்டிலும் அவங்க பங்கேற்கிற மாதிரி திட்டங்களையும் மைதான வசதிகளையும் மாத்தி அமைக்கணும்னு தெளிவா இருக்கு. நம்ம ஊர்ல என்ன மாத்தியிருக்காங்க? வாசல்ல ஒரு சாய்தளம். அது வேணும், மறுக்கல. ஆனா நல்லா நடக்க, ஓடத் தெரிஞ்சு, விதியை மட்டும் மெதுவாப் புரிஞ்சுக்கிற பிள்ளைக்கு சாய்தளம் என்ன செய்யும்?

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முகம். வாரத்துக்கு ஒரு பயிற்சியாளர் மாறினா மிரண்டுடும். பத்து விதியை மொத்தமாக் கொட்டாதீங்க. ஒண்ணு சொல்லுங்க, செஞ்சு காட்டுங்க, செய்ய விடுங்க, அப்புறம் அடுத்தது. பந்து கொஞ்சம் பெருசா, காத்து குறைச்சலா இருக்கட்டும். விசில் சத்தம் ஆகாதவங்களுக்கு ஒரு கலர் கொடி. அணியில பாதிப் பேர் அவங்க, பாதிப் பேர் நம்ம இளைஞர்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்ல இதை யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்னு பல நாட்டுல நடத்துறாங்க.

போச்சேன்னு ஒரு ஆட்டம் இருக்கு. (சிரிப்பு) பேருதான் அப்படி, ஒண்ணும் போகாது! ஒரு சின்னப் பந்தை உருட்டி விட்டு, அதுக்குக் கிட்டத்துல யாரோட பந்து நிக்குதுன்னு பார்க்கிற ஆட்டம். கோலி ஆடின கைக்கு ரெண்டு நிமிஷத்துல பிடிபடும்.

ஆர்வத்துல ஒண்ணை மறந்துடக் கூடாது. டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வா இருக்கும். டாக்டர் பார்த்துச் சொல்லாம குட்டிக்கரணம் போட வைக்கிறது, தலைகீழாக் குளத்துல குதிக்க வைக்கிறது கூடாது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறவங்க யாருன்னு பெத்தவங்ககிட்ட கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

செலவுக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. 1962-ல் அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தன் வீட்டுத் தோட்டத்துலதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் ஆரம்பிச்சாங்க. மாணவர்கள் துணைக்கு நின்னாங்க. ஆறே வருஷத்துல, 1968-ல், சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். நமக்கு ஊர்ப் பொது மைதானமே இருக்கே!

வாரம் ரெண்டு சாயங்காலம், அஞ்சு மணியிலிருந்து ஆறு மணி வரை, மைதானத்துல ஒரு பகுதியை ஒதுக்கச் சொல்லி உங்க ஊராட்சியிலயோ நகராட்சியிலயோ மனு கொடுங்க. மனுவில் பிரிவு 30-ஐக் குறிப்பிடுங்க. பக்கத்துல கழிப்பறை திறந்திருக்கான்னு பாருங்க, இல்லேன்னா பெண் பிள்ளைகளை மறுவாரம் அனுப்ப மாட்டாங்க. போட்டோவுக்காக ஒரு நாள் நடத்திட்டுக் கலையிறதா இருந்தா, தயவுசெய்து ஆரம்பிக்கவே வேண்டாம்.

அடுத்த கலந்தாய்வுக்கு வரும்போது ஒவ்வொரு ஒன்றியமும் மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டைக் கையோட கொண்டு வரணும்.

#எல்லோருக்கும்_மைதானம்