பத்தியமும் தியானமும்

நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



சித்த மருத்துவத்தில் தியானத்திற்குரிய இடம் யாது என்பதைக் குறித்துச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பொருளோ பெரிது, காலமோ சிறிது. ஆதலின் முகமனை நீக்கி நேரே விஷயத்துட் புகுகின்றோம்.

இக்காலத்தில் தியானம் என்னுஞ் சொல் பட்டி தொட்டியெங்கும் வழங்குகின்றது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஜூன் 21-ஆம் நாளை உலக யோக தினமாக அறிவித்தது. 2015 முதல் அந்நாள் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டு வருகின்றது. நகரங்களிற் கட்டணம் விதித்து முகாம்கள் நடத்தித் தியானங் கற்பிப்போர் பலர். அவர்களை யாம் பழிக்க வந்தோமில்லை. ஆயினும் அங்குக் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் வேரினின்றுங் கிள்ளியெடுத்த கொழுந்தாகவே இருக்கின்றது. உண்ட சோறு செரித்ததா என்று கேட்பாரில்லை. இரவில் உறக்கம் வந்ததா என்று கேட்பாரில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் எல்லாப் பிணியும் பறந்தோடும் என்று மாத்திரஞ் சொல்லுகின்றனர். மற்றொரு சாரார், நம் குலத்து இளைஞருள்ளும் அவருளர், இவையெல்லாம் பாட்டன் காலத்துப் பொய்யென்று ஒருங்கே தள்ளிவிடுகின்றனர். சித்தர் நூல்களை ஆராயுங்கால் இவ்விரு கூற்றிற்கும் இடமில்லை. அந்நூல்களில் தியானம் ஒரு மருந்தாக வைக்கப்படவில்லை. பத்தியத்தின் ஒரு கூறாகவே வைக்கப்பட்டிருக்கின்றது. இதனையே யாம் இன்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

பத்தியம் என்றவுடன் உப்பையும் புளியையும் தள்ளுதலே நம்மவர் நினைவிற்கு வருகின்றது. அஃது அதன் ஒரு சிறு பகுதியேயாம். வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றும் ஒன்று, அரை, கால் என்னும் அளவில் நின்றால் உடல் நலமுறும். அளவு பிறழ்ந்தால் நோயுறும் என்பது நம் மருத்துவத்தின் அடிப்படை. இவ்வளவைப் பிறழ்விப்பன உணவு மட்டுமல்ல. பகலுறக்கம், இராவிழிப்பு, வெயில், பனி, கடுங்கோபம், ஓயாக் கவலை ஆகிய யாவும் பிறழ்விக்கும். நூலோர் அடக்கலாகா வேகங்கள் என்று பதினான்கு கூறினர். தும்மல், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, மலசலம், உறக்கம் முதலியவற்றோடு கண்ணீரையும் அவ்வரிசையிலேயே வைத்திருத்தல் காண்க. அழுகையை அடக்கினாலும் நோய் வரும் என்று எழுதிவைத்தவர்கள், உடலும் உள்ளமும் வேறு வேறு வீட்டிற் குடியிருப்பனவாக நினைத்தவர்களல்லர்.

தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியை நோக்குவோம். பசித்த பின்னரே உண்ணல், முன்னாட் சமைத்த கறி அமுதே யாயினும் விலக்கல், உண்டபின் சிறிது உலாவுதல், பகலில் உறங்காமை, இடக்கை கீழாகப் படுத்தல் என்று அன்றாட ஒழுக்கத்தை அது வகுக்கின்றது. ஆறு திங்களுக்கு ஒருமுறை வமனம், நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி, ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை நசியம், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை கண்ணுக்கு அஞ்சனம் என்று கால அளவும் விதிக்கின்றது. இவற்றின் நடுவே, அரைத்திங்களுக்கு இருமுறை சவரம் என்பதும் இருக்கின்றது! சகோதரர்களே, இதனைச் சற்று ஊன்றி நோக்குங்கள். பேதியும் நசியமும் உயர்ந்தன, சவரம் தாழ்ந்தது என்னும் பிரிவு அந்நூலாசிரியருக்குத் தெரியாது. நோய் வாராமற் காக்குஞ் செயல்களுள் ஒன்றாகவே அதனையுங் கொண்டார். ஒரே கையில் சவரக் கத்தியையும் மருந்துக் குழவியையும் பிடித்த நம் முன்னோர் இரண்டு தொழில் செய்தாரல்லர். ஒரே தொழிலின் இரு பகுதிகளைச் செய்தனர். பிற்காலத்தார் ஒரு பகுதியை மட்டும் நம்மிடம் விட்டு, அதனையே இழிவென்றுங் கூறினர்.

இனி யோகத்திற்கு வருவோம். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புக்களையும் திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் முறையே கூறுகின்றார். தியானம் ஏழாவது படி. கொல்லாமை, பொய்யாமை, களவின்மை, தூய்மை, பெற்றது கொண்டு மகிழ்தல் முதலியனவே முதலிரண்டு படிகள். ஆறு படிகளைத் தாண்டி ஏழாவதில் ஒரேயடியாகக் குதிப்பவனுக்குக் கால் சுளுக்குதல் இயல்பே.

மூச்சைப் பற்றி நூலோர் கூறுவன இன்றைய அறிவோடும் ஒத்து நிற்கின்றன. ஒரு நாளைக்கு 21,600 சுவாசம் என்பது அவர் கணக்கு. ஒரு நிமிஷத்திற்கு 15 என்று பெருக்கிப் பார்த்தால் இத்தொகையே வரும்; வளர்ந்தவர் அமைதியாக இருக்குங்கால் நிமிஷத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவர் என்பது இக்கால உடலியலாரின் அளவு. இம்மூச்சை மெதுவாக்குதலால் உடலுக்கு நன்மையுண்டோ எனின், உண்டு. 2001-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து லூசியானோ பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவருடன் சேர்ந்தோரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கத்தோலிக்கர் செபமாலை உருட்டிச் சொல்லும் லத்தீன் செபமும், பௌத்தர் ஓதும் மந்திரமும், ஓதுவாரின் மூச்சை நிமிஷத்திற்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைக்கின்றன என்றும், இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் இயல்பான ஆற்றல் அப்பொழுது மிகுகின்றது என்றும் அவர்கள் கண்டனர். மதம் இரண்டாயினும் மூச்சு ஒன்றே என்பது நமக்கும் வியப்பன்று.

ஆனால் தியானம் நோயாளிக்கு மட்டும் விதித்ததென்று எண்ணுவது பிழை. அது முதற்கண் மருத்துவனுக்கே வேண்டுவது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வினுள் நாடியே தலையாயது. மணிக்கட்டிற்கு மேலே பெருவிரற் பக்கமாக மூன்று விரல்களை வைத்து, சுட்டுவிரலில் வாதத்தையும் நடுவிரலிற் பித்தத்தையும் மோதிரவிரலில் ஐயத்தையும் உணரவேண்டும். ஆடவர்க்கு வலக்கை, மகளிர்க்கு இடக்கை. வாதம் அன்னமும் கோழியும் மயிலும்போல் நடக்கும். பித்தம் ஆமையும் அட்டையும்போல் நடக்கும். ஐயம் தவளையும் பாம்பும்போல் நடக்கும் என்று உவமை கூறினர். இவற்றை வாய்பாடாக மனனஞ் செய்தல் எளிது. விரல் நுனியில் ஆமையின் நடையையும் அன்னத்தின் நடையையும் வேறு பிரித்து உணர்தலோ மிக அரிது. வெளியிற் கடன்காரன் நிற்கின்றான் என்னும் நினைவோடு நாடி பிடிப்பவன், தன் நெஞ்சின் படபடப்பையே நோயாளியின் கையிற் காண்பான். தன் மூச்சு அடங்கி மனம் ஒருமுகப்பட்ட பின்னரே பிறர் நாடி பேசும். தியானத்தை மருத்துவனுக்குரிய பத்தியம் என்று யாம் கூறுவது இதுபற்றியே.

நோயாளியும் இவ்வமைதியில் ஒரு பங்கு பெறுகின்றான். தொக்கணம் என்னும் மர்த்தன முறையைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பதாக வகுத்தனர். எண்ணெய் தோய்ந்த கை முதுகில் ஓடும்பொழுது நோயாளியின் மூச்சு தானே நீண்டு அமைதியுறுதலைத் தொழிலறிந்தோர் அறிவர். கண்மூடி உட்காரத் தெரியாத உழவனும் அவ்வேளையில் தியானத்தின் பயனிற் சிறிது பெறுகின்றான். கட்டணமும் இல்லை, முகாமும் இல்லை.

நம் மூதாட்டியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டுப்புறங்களில் மருத்துவம் பார்த்தல் என்றால் பிள்ளைப்பேறு பார்த்தல் என்றே பொருள். மருத்துவச்சி என்னும் பெயரை நம் குலமகளிர் அதனாலேயே பெற்றனர். நோவெடுத்த பெண்ணுக்கு எப்பொழுது மூச்சை அடக்கி முக்கவேண்டும், எப்பொழுது விட்டு இளைப்பாறவேண்டும் என்று காதோரத்திற் சொல்லிக்கொண்டே இருந்த அவர்கள் பிராணாயாமம் என்னுஞ் சொல்லைக் கேட்டதுமிலர். அவர் அறிந்த அனைத்தையும் யாம் போற்றுவோமல்லேம். சுத்தி செய்யாத கத்தியாற் கொப்பூழ்க்கொடி அறுத்ததனால் இரணசன்னி கண்டு மாண்ட சிசுக்கள் எத்தனையோ! இன்று பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் நிகழவேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை. அருகிருந்து மூச்சை நடத்திய அந்தக் குரல் மட்டும் ஆஸ்பத்திரியிலும் இருத்தல் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாது மேற்செல்லல் தகாது. தியானத்தால் நீரிழிவு நீங்கும், இன்சுலினை நிறுத்துக என்று கூறுவோர் உளர். இன்சுலின் சுரப்பு அற்றுப்போன குழந்தைக்கு அம்மருந்தை நிறுத்துதல் கொலையேயாகும். இதனினும் மெல்லிய சொல் எமக்குக் கிடைக்கவில்லை. காசநோய்க்குரிய ஆறு மாத மருந்தை நடுவில் விடுவோரும் தமக்கும் அயலார்க்குந் தீங்கு தேடுகின்றனர். சித்தர்களோ மனநோய்க்குங்கூடத் தியானத்தை மட்டும் நம்பினாரல்லர். அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைப் பதினெட்டாக வகுத்து, மருந்துகளையும் உடன் கூறுகின்றது. மனங் கலங்கியவனைத் தனியறையில் நெடுநேரம் கண்மூடி இருத்துதல் கலக்கத்தை மிகுவிக்கவுங் கூடும். இரசம், பாஷாணம் முதலியவற்றாற் செய்யும் பற்பமும் செந்தூரமும் அவ்வாறே ஆராய்ச்சிக்கு உட்படவேண்டியன. சுத்தி முறை பிழைத்தால் மருந்தே நஞ்சாகும். பாட்டன் கொடுத்தான் என்பது மாத்திரம் சான்றாகாது.

இனி நம் குலத்தின் நிலையைச் சிறிது பேசுவோம். பரியாரி என்பது மருத்துவனைக் குறிக்குஞ் சொல். யாழ்ப்பாணத்தில் பரியாரியார் என்று மரியாதையோடு நாட்டு வைத்தியரை அழைக்கின்றனர். இங்கே சில ஜில்லாக்களில் அதே சொல் நம்மைக் குறிக்கும்பொழுது அம்மரியாதை மறைந்துவிடுகின்றது. அரசாங்கத்தின் மிகப் பிற்பட்ட வகுப்பினர் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்னும் பெயர்களோடு பிராணோபகாரி என்பதும் காணப்படுகின்றது. பிராணனுக்கு உபகாரஞ் செய்பவன் என்பது அதன் பொருள். இப்பெயரைத் தம் சாதிச் சான்றிதழிற் காணும் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் பொருளை அறிவர்?

பழம் பெருமை பேசுதலால் மட்டும் உரிமை மீளாது. சென்னை அரசாங்கம் 1921-இல் நியமித்த முகம்மது உஸ்மான் குழு 1923-இல் தன் அறிக்கையை வெளியிட்டது முதல், நாட்டு மருத்துவம் பள்ளியிற் கற்பிக்கப்படும் வித்தையாக மாறத் தொடங்கிற்று. 1964-இல் பாளையங்கோட்டையிற் சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் தோன்றின. தகுதியும் பதிவும் பெறாத பரம்பரை வைத்தியர் தொழில் நடத்துதல் ஆகாதென்று, கேரளத்தார் தொடுத்த வழக்கில் 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு நம்மிற் பலருக்குக் கசந்தது. ஆயினும் நோயாளியின் பக்கத்தில் நின்று நோக்கின் அதனைக் குறைகூற யாம் துணியோம். நம் பிள்ளைகள் அக்கல்லூரிகளுட் புகுதலே வழி. படிப்பு ஐந்தரை ஆண்டு. அரசாங்கப் பள்ளியிற் பயின்றோர்க்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத இடம் தனியே உண்டு. இதனை அறியாது நல்ல மதிப்பெண் பெற்ற மாணவரை வேறு துறைக்கு அனுப்பிவிடும் பெற்றோர் நம்மிடையே இருத்தல் கூடாது.

மற்றொரு காரியமும் உளது. நம் இல்லங்களிற் பரணிலும் பெட்டியிலும் ஏட்டுச்சுவடிகள் கிடக்கின்றன. பிறர்க்குக் காட்டினால் மருந்து பலிக்காது என்னும் எண்ணத்தால் அவற்றை மூடிவைத்தோம். மனிதர்க்குக் காட்டாத ஏட்டைச் செல்லுக்குக் காட்டினோம். தஞ்சைச் சரசுவதி மகாலும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் ஏடுகளைக் காத்துவருகின்றன. ஆயின் கையெழுத்துக் குறுகிய, குறியீடு மலிந்த மருந்தேட்டைப் படித்தற்கு அத்தொழிலைக் கண்ணாற் கண்ட முதியவர் ஒருவர் பக்கத்தில் இருத்தல் வேண்டும். அத்தகையோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஏடு இருந்து ஆள் இல்லையேல் என் பயன்?

ஆதலின், ஏடு வைத்திருப்போர் அதனை எவர்க்குங் கொடுத்துவிட வேண்டுவதில்லை. படம் பிடித்துக்கொள்ள ஒருநாள் இரவல் தந்தாற் போதும். இக்கூட்டம் கலையுமுன் தம் பெயரையும் ஊரையும் காரியதரிசியிடம் குறிப்பித்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம். தாய்மார்களுள் மருத்துவச்சித் தொழில் பார்த்த மூதாட்டியர் எவரேனும் வீட்டில் இருப்பின், அவர்கள் பெயரையும் உடன் எழுதுக. ஏடில்லாத அவர்களிடமே முதலிற் செல்ல விரும்புகின்றோம்.