சிறுதேர் செய்யும் கைகள்

(‘கைவேலைப் பொழுதுபோக்கு வீணா, பயனா?’ என்ற தொலைக்காட்சிப் பேச்சரங்கில் ‘பயனே’ என்ற அணியில் ஆற்றப்பட்ட உரை)



எதிரணியினர் ஒரு கேள்வி போட்டார்கள். “பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டுச் சின்னக் கார் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே, இது சோறு போடுமா?” நியாயமான கேள்விதான். பெற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்குப் பதில் மம்பாவிலிருந்தே தொடங்கட்டும்.

மம்பாவ் பக்கம் இரப்பர் தோட்டத்து லயங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சார்டின் டின்னை வெட்டினால் லோரி. தேய்ந்த சிலிப்பரை வட்டமாக அறுத்தால் சக்கரம். உடைந்த குடைக் கம்பி அச்சு. கயிறு கட்டி இழுத்தால் லயம் முழுக்க ஊர்வலம்! அச்சு சற்றே கோணினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதை அந்தப் பையனுக்கு எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்? அந்தத் தகர டப்பாதான் சொல்லிக் கொடுத்தது.

அந்த விளையாட்டு வளர்ந்தால் அதன் பெயர் மாதிரி வாகனக் கலை. உண்மையான வண்டியை அளந்து, 12-இல் ஒரு பங்கு, 24-இல் ஒரு பங்கு என்று கணக்குப்படி சுருக்கி, ஒவ்வொரு உறுப்பையும் கையாலேயே செய்வது. 4.3 மீட்டர் நீளமுள்ள கார், 24-இல் ஒரு பங்கானால் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் உண்மைக் காரில் 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம் பிசகியதாக அர்த்தம்!

இன்னொரு சிக்கலும் உண்டு. காரின் தகடு 0.8 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதை 24-ஆல் வகுத்தால் எழுதும் தாளைவிட மெல்லியதாகிவிடும். தொட்டாலே நசுங்கும். கலைஞன் என்ன செய்கிறான்? தகட்டைத் தடிப்பாகவே வைத்து, கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை மட்டும் மெல்லியதாகச் சீவுகிறான். சாயமும் அப்படித்தான். ஒரு பூச்சு கூடிப்போனால் கதவின் இடுக்கு அடைந்து, செதுக்கிய வேலை எல்லாம் மறைந்துவிடும். கணக்கும் வேண்டும், கண்ணும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்குரோவ் இதையே வாழ்நாள் தொழிலாகச் செய்தார். சக்கரத்தின் கம்பிகள்வரை கையால் கோத்து, அந்த வித்தையை நூலாகவும் எழுதி வைத்தார்.

“அது வெள்ளைக்காரனின் வசதி” என்பார் எதிரணித் தலைவர். சரி, சோற்றுக் கணக்குக்கே வருவோம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-இல் சிறுவர்களுக்கு ஒரு போட்டி தொடங்கியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியைச் சிறிதாகச் செய்யச் சொன்னார்கள். பிறகு பையன்கள் தாங்களே கற்பனை செய்த கார்கள். பரிசு என்ன தெரியுமா? கல்லூரிப் படிப்புக்கான பணம்! 1968 வரை அது நடந்தது. 1947-இல் அதில் பரிசு வென்ற மாணவர் சக் ஜோர்டன். பின்னாளில் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவராக உயர்ந்தார். சின்னக் கார் செய்த கைதான் பெரிய கார்களுக்கு உருவம் கொடுத்தது. இப்போது சொல்லுங்கள் நடுவர் அவர்களே, சோறு போட்டதா இல்லையா?

தமிழனுக்கு இது புதிதும் அல்ல. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். அவற்றில் ஒன்று சிறுதேர் உருட்டல். குழந்தையின் பொம்மை வண்டிக்கு இலக்கியத்தில் ஒரு பருவத்தையே ஒதுக்கிய இனம் இது. புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் ஔவையார், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்தைத்தான் அதியமானுக்கு உவமை சொன்னார். எட்டுத் தேரைவிட அந்த ஒரு சக்கரம் பெரியது. ஏன்? அதில் இருப்பது ஒரு மாதக் கவனம்.

கடைசியாக ஒன்று. பிழைப்பைவிடப் பெரிய பயன் அது.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891-இல் திறக்கப்பட்ட இரயில் பாதை மம்பாவ் வழியாகப் போனது. இன்று அதில் இரயில் ஓடுவதில்லை. எத்தனையோ தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பால் தோம்பு கட்டிய சைக்கிள், மாட்டு வண்டி, ஆட்களை ஏற்றிப் போன லோரி, இவற்றை இரும்புக் கடையில் நிறுத்து விற்றாகிவிட்டது. அரும்பொருளகத்தில் துரையின் காருக்கு இடம் கிடைக்கலாம். தாத்தாவின் சைக்கிளுக்கு யார் இடம் கொடுப்பார்?

பேரப்பிள்ளைதான் கொடுக்க வேண்டும். தோம்பு எந்தப் பக்கம் தொங்கியது, எப்படிக் கட்டினார்கள், எத்தனை கம்பி என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. ஒரு பையன் அளவுகோலும் பென்சிலுமாகப் போய்த் தாத்தாவின் அருகில் உட்காரட்டும். “பிரேக் எங்கே இருந்தது தாத்தா?” என்று கேட்கட்டும். 12-இல் ஒரு பங்கென்றால் அந்தச் சைக்கிள் 15 சென்டிமீட்டர்தான். அதைச் செய்து முடிப்பதற்குள் அவன் கேட்டிருக்கும் கதை எத்தனை! சைக்கிளைச் செய்யப் போனவன் தன் குடும்பத்தின் உழைப்பைத் தெரிந்துகொண்டு எழுந்திருப்பான்.

ஆகவே, பெற்றோர்களே, மேசையில் பசையும் தகரமும் கிடந்தால் கோபப்படாதீர்கள். பாடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், இதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். அது குப்பை அல்ல, அங்கே ஒரு சிறுதேர் உருவாகிக்கொண்டிருக்கிறது. வடம் பிடிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

கைவேலைப் பொழுதுபோக்கு பயனே, பயனே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.