தொட்டியின் மூடி

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டும்போது அதன் கொள்ளளவைப் பற்றியும், தூண்களின் உறுதியைப் பற்றியும் நாம் பலமுறை கூடிப் பேசுகிறோம். உச்சியிலே ஆள் இறங்குவதற்கென விடும் 2 அடி வாயிலைப் பற்றியோ, அதை மூடும் பலகையைப் பற்றியோ ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஊர் முழுவதும் அருந்தும் நீருக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்பது அம்மூடி ஒன்றே. ஆகையால் இன்று அதனைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

நாம் ஏறிப் பார்த்த தொட்டிகள் பலவற்றில் கான்கிரீட் மூடி இரண்டாக உடைந்து, ஒரு பாதி மட்டும் கிடக்கக் கண்டோம். மறு பாதிக்குத் தகரத்தை வைத்து அதன்மேல் கல்லை ஏற்றியிருந்தார்கள். தொட்டி இயக்குபவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் கணக்குப் பாருங்கள். 2 அடிச் சதுரமும் 2 அங்குலக் கனமும் உள்ள கான்கிரீட் பலகை சுமார் 45 கிலோ எடையுள்ளது. ஏணியில் ஏறி நிற்கும் தனி ஆள், பிடிமானமில்லாத உயரத்தில் அதனைத் தூக்கிப் புரட்டி, மீண்டும் பொருத்தி வைப்பதெப்படி? ஒருநாள் அரைகுறையாக நகர்த்தி வைப்பார். மறுநாள் அப்படியே விட்டுவிடுவார். பின்பு காக்கையும் அணிலும் விழும், கொசு முட்டையிடும். இது மூடியைத் தேர்ந்தெடுத்தவர் செய்த பிழையேயன்றி, இயக்குபவரின் பிழையன்று.

அதே அளவில் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு 17 கிலோவுக்கு மேல் இருக்கும். அலுமினியத் தகடோ 6 கிலோதான். ஒரு கையால் திறக்கக்கூடிய மூடியே நாள்தோறும் மூடப்படும் மூடியாகும். மேலும், பிளீச்சிங் பவுடர் கலந்த நீரின் ஈரக்காற்று இரும்பை விரைவில் துருவாக்கி, அத்துருவை நீரிலேயே உதிர்க்கும்.

ஆயினும் அலுமினியம் என்ற பெயரைக் கேட்டதும் வாங்கிவிடுதல் கூடாது. குளோரைடு அதனையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். மக்னீசியம் கலந்த 5052 போன்ற கலவை இதனை நன்கு தாங்குவதால், கலவையின் எண்ணை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அலுமினியத்தின் விறைப்பு இரும்பின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கே. எனவே தகட்டின் அடியில் தாங்கு பட்டைகள் இருத்தல் அவசியம். ஈரமான சிமெண்டுடன் நேரே பட்டால் அலுமினியம் கெடும். சட்டத்தைப் பதிக்குமுன் கான்கிரீட்டைத் தொடும் பக்கத்தில் தார் வண்ணம் பூசிவிடுங்கள். சாதாரண இரும்பு ஆணியை முடுக்கினாலும் அரிப்பு உண்டாகும். துருப்பிடிக்காத எஃகு ஆணியும், இடையே ரப்பர் வளையமும் கொடுங்கள்.

வாயிலைச் சுற்றி 4 முதல் 6 அங்குலம் உயரத்திற்குக் கரை கட்டி, மூடியின் விளிம்பு அதன்மேல் கவிந்து இறங்குமாறு செய்தால் மழைநீர் உள்ளே புகாது. உள் விளிம்பில் ரப்பர் பட்டை வேண்டும். திறந்த மூடி காற்றில் அறைந்து விழாதபடி முட்டுக்கம்பி ஒன்றும் வேண்டும். தலைமேல் விழுந்தால் 6 கிலோவும் சிறிதன்று.

தரையடித் தொட்டியின் நிலை வேறு. வண்டியும் டிராக்டரும் செல்லும் வழியில் அலுமினிய மூடி கூடாது. அங்கே கனரக வார்ப்பிரும்பு மூடியே தகும். வீட்டு முற்றத்தில், குழந்தைகள் நடமாடும் இடத்தில், வழுக்காத புடைப்புத் தகடும் பூட்டும் உள்ள அலுமினிய மூடி நன்று. கழுவ இறங்குமுன் வெகுநேரம் திறந்து வைத்துக் காற்றோட்டம் உண்டாக்குங்கள். மேலே ஓர் ஆள் நிற்காமல் ஒருவரும் இறங்க வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி ஒரு சொல்: தக்க பாதுகாப்பின்றி மனிதரை அதில் இறக்கித் துப்புரவு செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதன் மூடி உறிஞ்சு குழாய்க்காகவே.

இனிப் பூட்டைப் பற்றி. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் அருந்திய மேல்நிலைத் தொட்டி நீரில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அக்கொடுமையின் வேர் மூடியில் இல்லை என்பதை நாம் அறிவோம். பூட்டினால் அந்த வேர் அறுந்துவிடாது. எனினும், எவரும் ஏறித் திறக்கும்படி ஒரு தொட்டியை விட்டு வைப்பதற்கு இனி எந்த ஊராட்சிக்கும் சமாதானம் கிடையாது. வெளியிலிருந்து கீலின் ஊசியை உருவ முடியாதபடி அமைத்து, நாதாங்கியை மூடியோடு பற்றவைக்கச் செய்யுங்கள். பழைய இரும்புக் கடையில் அலுமினியத்திற்கு நல்ல விலை உண்டு. ஆகவே சட்டத்தையும் பெயர்க்க முடியாதபடி பதிக்க வேண்டும்.

சாவி இரண்டு போதும்: ஒன்று இயக்குபவரிடம், மற்றொன்று ஊராட்சி அலுவலகத்தில். தொட்டி கழுவிய நாளைத் தூணில் எழுதுவது வழக்கம். அத்தோடு மூடியைத் திறந்தவர் பெயர், திறந்த நேரம், பூட்டிய நேரம் ஆகியவற்றையும் அலுவலகத்திலுள்ள ஒரு நோட்டில் குறித்து வரச் செய்யுங்கள்.