சொல் கொடுத்தவர் கேட்ட கேள்வி



1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சி அது. அம்மாநாட்டை அடிக்கடி நினைவுகூர்கிறோம். அதே ஆண்டில் அதே துறை வெளியிட்ட ஒரு நூலை ஏறத்தாழ மறந்துவிட்டோம். கீழ்ப் பேராக் வட்டாரத்தில் வழங்கிய தமிழ்க் கிளைமொழிகளின் சொற்களை ஆராய்ந்து இராம சுப்பையா ஆங்கிலத்தில் எழுதிய நூல் அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சேறிய தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலான 'தமிழ் மலேசியானா'வையும் 1969இல் அவரே தொகுத்தளித்தார். பின்வருவோர் கையிலெடுத்துப் புழங்கத்தக்க பொருள் ஒன்று மிஞ்சினால், அதனையே ஆய்வின் பயன் என்பேன்.

என் கதை வேறு. எண்பதுகளில் குளுவாங்கை அடுத்த இரப்பர்த் தோட்டங்களில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அலைந்தேன். லயம், மங்கு, ஒட்டுப்பால் எனச் சொற்கள் குவிந்தன. விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்திற்குப் பெரட்டு என்று பெயர். 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவில் அடைந்த வடிவம் அது. பால்மரம் சீவி ஓய்ந்த மூதாட்டி ஒருவர், ஒரு மாலை முழுதும் எனக்குச் சொற்களை வாரி வழங்கிவிட்டு, "இவ்வளவும் எழுதிக்கிட்டுப் போறீங்களே தம்பி, எங்க புள்ளைங்க இதை எப்பப் படிக்கும்?" என்றார். பட்டம் பெற்றதும் கொண்டுவருவதாகச் சொன்னேன்.

பட்டம் கிடைத்தது. ஆய்வேடு அட்டை கட்டப்பெற்று நூலகம் சேர்ந்தது. நான் மீண்டும் அங்குச் சென்றபோது பத்தாண்டு கடந்திருந்தது. லயங்கள் இல்லை, அவ்விடத்தில் செம்பனை வளர்ந்து நின்றது. தோட்டம் மாறியதற்கு நான் பொறுப்பல்லேன். வாக்குத் தவறியது என் பிழை.

ஆதலின் உங்களிடம் சிறிய வேண்டுகோள் ஒன்று. ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ அமையட்டும். உங்களுக்குத் தரவு தந்தவர் படிக்கத்தக்க நான்கு பக்கச் சுருக்கம் தமிழில் இருக்கட்டும். சொற்பட்டியலைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வகுப்பில் பயன்படுத்தும் வகையில் பொருளோடும் படத்தோடும் அமைத்துக் கொடுங்கள். ஒலிப்பதிவின் படியொன்று அந்தக் குடும்பத்திற்கே சேரட்டும். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை என்று நெறியாளர் சொல்லக்கூடும். நெறியாளனாக இருந்த காலத்தில் நானும் அவ்வாறு சொன்னவன்தான். பட்டம் பெற்ற பிறகு செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். பிறகு வேலை வரும், இடமாற்றம் வரும். சொல் கொடுத்தவர் காத்திருக்கமாட்டார்.

அந்த ஒலிநாடாக்கள் பதினேழும் என்னிடம் உள்ளன. இரண்டில் பூஞ்சை படிந்துவிட்டது. மூதாட்டியின் குரல் பதிந்த நாடா இன்றும் ஓடுகிறது. குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் எவரேனும் இவ்வரங்கில் இருப்பின், கூட்டம் கலைவதற்கு முன் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன்.