ஒரு சின்னத் தீப்பொறி

 

சிவாஜிநகரில் பொழுது விடியும் முன்பே ஆட்டோக்கள் ஓடத் தொடங்கும். பஸ் நிலையம், ரசல் மார்க்கெட் என்று சவாரி போகும். ஒரு நாள் ஆட்டோ கிளம்பவில்லை என்றால் என்ன ஆகும்? அன்றைய வருமானம் போகும். வாடகை வண்டி என்றால் வாடகையும் கட்ட வேண்டும்.

வண்டி ஏன் கிளம்பவில்லை? பல சமயம் காரணம் ஒரு சின்னத் தீப்பொறிதான்.

அடுப்பு எரிய மூன்று வேண்டும். விறகு, காற்று, நெருப்பு. என்ஜினுக்கும் அப்படியே. பெட்ரோல்தான் விறகு. அதோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகும். பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை அழுத்தும். அப்போது ப்ளக்கில் தீப்பொறி விழும். கலவை எரியும். சூட்டில் விரியும். பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்த வேகத்தில் சக்கரம் சுழலும்.

கேஸ் ஆட்டோவுக்கும் ப்ளக் உண்டு. டீசல் வண்டிக்குத் தீப்பொறி வேண்டாம். அதில் காற்றை மிகவும் அழுத்துவதால் சூடு ஏறும். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். ப்ளக்கின் இடைவெளியைத் தாண்ட இது போதாது. பல ஆயிரம் வோல்ட் வேண்டும். அதைத் தருவது காயில். காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. முதல் சுருளில் ஓடும் மின்சாரம் சட்டென்று நிற்கும். உடனே இரண்டாவது சுருளில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கும். அதுதான் ப்ளக்கில் பொறியாகத் தாவும்.

பொறி சரியான நேரத்தில் விழ வேண்டும். ஊஞ்சலை நேரம் பார்த்துத்தானே தள்ளுகிறோம்? அதுபோலத்தான். முந்தினால் என்ஜின் தட்டும், சூடாகும். பிந்தினால் இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும். பழைய வண்டிகளில் இந்த நேரத்தைக் கவனித்தது பாயிண்ட். அது தேய்ந்தால் நேரம் மாறிவிடும். பிறகு மின்னணுப் பெட்டி வந்தது. அதில் தேய்வதற்குப் பாயிண்ட் இல்லை. ஆனால் ப்ளக் எந்த வண்டியிலும் தேயும்.

இந்தப் ப்ளக்குக்கும் பெங்களூருக்கும் உறவு உண்டு. 1902இல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனி உயர் மின்னழுத்தப் பொறி முறையைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் ஹோனால்ட் என்ற பொறியாளர். 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி பெங்களூரில் இயங்கியது. மைக்கோ ப்ளக் நாடெங்கும் போனது. 2008இல் அதன் பெயர் பாஷ் என்று மாறியது.

ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். என்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ஆயில் எரிகிறது. வெளுத்திருந்தால் சூடு அதிகம்.

பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி வருகிறதா என்று சோதிக்காதீர்கள். தீப்பற்றும். வெறும் கையால் ப்ளக்கைப் பிடித்தும் சோதிக்காதீர்கள். ஷாக் அடிக்கும். கேஸ் வண்டி என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சிவாஜிநகர் குஜரிக் கடைகளில் பழைய பாகங்கள் பல கிடைக்கும். புதியதோ பழையதோ, ப்ளக் வாங்கும்போது ஒன்றைச் செய்யுங்கள். அதன் மேல் உள்ள எழுத்தையும் எண்ணையும் படியுங்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒரு எண் மாறினாலும் ப்ளக் மாறிவிடும். அளவுக்கு மேல் நீளமான ப்ளக் பிஸ்டனில் இடிக்கும். என்ஜினே பாழாகும். சின்னப் ப்ளக்கால் பெரிய செலவு வரும்.

எழுத்தும் எண்ணும் தெரிந்தவர் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. தாமே படித்துப் பார்த்து வாங்கலாம். படிப்போம், பார்த்து வாங்குவோம், உழைத்த காசைக் காப்போம்.